பிரெஞ்சுப் பெட்டிக்குப் பரந்தன் ஆங்கிலம்

எங்கள் ஊரில் என் தொழிலை ஒருவருக்கும் விளங்கப்படுத்த என்னால் முடிந்ததில்லை. மின்னணுச் சாதனங்கள் பற்றிய பிரெஞ்சுச் சொற்களை ஆங்கிலத்துக்கு மாற்றுவதுதான் நான் செய்யும் வேலை. ஐரோப்பாவில் உள்ள ஒரு நிறுவனம் சொற்களையும் கைநூல்களையும் மின்னஞ்சலில் அனுப்பும். நான் ஸ்கந்தபுரத்தில் மாமரத்துக்குக் கீழே கதிரையைப் போட்டு, சிக்னல் கிடைக்கும் பக்கமாகத் திரும்பி இருந்து, ஒவ்வொன்றுக்கும் பொருத்தமான ஆங்கிலச் சொல்லைத் தேடி எழுதி அனுப்புவேன். பல வருடம் பிரான்சில் இருந்து, அங்கே கட்டடங்கள் துப்புரவாக்கி, பின்னேரங்களில் படித்து, கடைசியில் கலியாணமும் முறிந்து ஊருக்குத் திரும்பியபோது நான் கொண்டுவந்தவை ஒரு பெட்டி உடுப்பும் இந்தத் தொழிலும்தான். உடுப்பு இந்த வெயிலுக்குச் சரிவரவில்லை. தொழில் சரிவந்தது.

ஆனால் ஊரில் உலாவிய கதை வேறு. "வீட்டில இருந்துகொண்டே பிரெஞ்சுக்காரருக்குக் கரண்ட் வேலை சொல்லிக் குடுக்கிறா" என்று யாரோ சொல்லிவைக்க, நான் வந்த முதல் மாதத்திலேயே ஒருவர் மேசை விசிறியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். அடுத்து ரைஸ் குக்கர் வந்தது. அதன் பின்னால் உரப்பையில் கட்டிய கிரைண்டர் ஒன்று, அரைத்த உளுந்து ஒட்டியபடியே வந்தது. எனக்குப் பெயர்கள் மட்டும்தான் தெரியும், ஆட்களைத் தெரியாது என்று சொல்லிப் பார்த்தேன். உண்மையும் அதுதான். கப்பாசிட்டர் என்ற சாமானுக்கு இரண்டு மொழிகளில் எத்தனை வகைப் பெயர் இருக்கிறதென்று கேட்டால் மூச்சுவிடாமல் சொல்வேன். அதையே என் சோற்றுக் கோப்பையில் போட்டிருந்தால் மோர்மிளகாய் என்று நினைத்துக் கடித்திருப்பேன். நான் அடக்கத்துக்காகச் சொல்கிறேன் என்று எண்ணி அவர்கள் கிரைண்டரை விட்டுவிட்டுப் போனார்கள். அது இன்னும் என் குசினிக்குப் பின்னால்தான் கிடக்கிறது.

இந்தப் பெயரை வைத்துத்தான் அக்கா என்னைத் தேடி வந்தார். சொந்த அக்கா இல்லை. இரண்டு வளவு தள்ளி இருப்பவர். அவருடைய தகப்பன் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து குளத்துக் காணிக்கு வந்து குடியேறிய குடும்பம். கணவர் தவறி வருடங்களாகிவிட்டன. பிள்ளைகள் இல்லை. கிணற்றடியோடு ஒரு மிளகாய்த் தோட்டமும், பிரான்சில் ஒரு தம்பியும்தான் அவருக்கு இருந்தவை. தாய் இல்லாத தம்பியைத் தானே வளர்த்துப் படிப்பித்து, தன் கழுத்தில் கிடந்ததை விற்று விமானம் ஏற்றியவர். தம்பி அங்கே ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுகிறான். அக்கா தண்ணீர் இறைக்கிற மண்ணெண்ணெய் மிசினைக் கயிறு இழுத்து இழுத்து ஓட்டி இடுப்பு ஒடிகிறாரே என்று, இரண்டு வேலை செய்து, அங்கே தோட்டம் செய்யும் ஒருவரிடமிருந்து ஒரு தண்ணீர் மோட்டரையும் அதை ஓட்டும் பெட்டியையும் வாங்கிக் கப்பலில் அனுப்பியிருந்தான். அந்த மோட்டர் சாதாரணமான மோட்டர் இல்லை. வீட்டுக் கரண்டை நேராகக் கொடுத்தால் ஓடாது. பெட்டி கரண்டை வாங்கி, தனக்குப் பிடித்த மாதிரி மாற்றிக் கொடுத்தால்தான் ஓடும். கப்பல் புறப்பட்டது என்ற செய்தி கேட்ட கையோடு அக்கா தன் பழைய மண்ணெண்ணெய் மிசினை ஓமந்தையில் இருந்த கணவர்வழிப் பெரியப்பா வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். அவருக்குத் தம்பியில் அவ்வளவு நம்பிக்கை.

பெட்டிக்கு நல்ல நாள் பார்த்தார்கள். கோயில் ஐயர் வந்தார். தேங்காய் உடைத்து, எலுமிச்சம்பழம் வெட்டி எல்லாம் முறைப்படி நடந்தது. பெட்டியின் முன்பக்கத்தைப் பார்த்தால் ஒரு முகம்போலவே இருக்கும். வலதும் இடதும் இரண்டு சிறிய விளக்குகள், கீழே காற்றுப் போக நீளமாக ஒரு வெட்டு, மேலே நடுவில் வட்டமாக ஒரு சின்னக் கண்ணாடி. ஐயர் ஒரு கணமும் யோசிக்கவில்லை. சந்தனத்தைக் குழைத்து அந்த வட்டத்தில் வைத்து, அதன் நடுவில் குங்குமம் இட்டார். அளவெடுத்துச் செய்ததுபோல இருந்தது. நானும் பக்கத்தில் நின்று அழகாக இருக்கிறது என்று சொன்னேன். பிறகு அக்கா கும்பிட்டுவிட்டுச் சுவிட்சைப் போட்டார். இடப்பக்க விளக்கு சிவப்பாக எரிந்தது. மோட்டரில் ஒரு அசுமாத்தமும் இல்லை. ஐயர் தட்சணையை வாங்கிக்கொண்டு, "மெல்ல மெல்லப் பழகும்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறினார்.

"தம்பிக்குப் போன் எடுத்துக் கேளுங்கோவன்" என்றேன் நான்.

அக்கா என்னை விசித்திரமாகப் பார்த்தார். "விசர்க் கதை கதைக்காதை பிள்ளை. வெளியில இருந்து வந்த சாமான் வேலை செய்யேல்லை எண்டு சொன்ன ஒரு வீட்டை இந்த ஊரில காட்டு பாப்பம்."

காட்ட முடியாது. எங்கள் ஊரில் வெளிநாட்டிலிருந்து வந்த எதுவும் இதுவரை பழுதானதில்லை. கோப்பி மெசின் வேலை செய்யாவிட்டால் அதில் பிளாஸ்டிக் பூ வைப்பார்கள். குளிருக்குச் சூடாக்கும் போர்வை வந்தால் கதிரைக்கு மேலே விரித்து, வருகிறவர்களைத் தொட்டுப் பார்க்கச் சொல்வார்கள். பனியில் நடக்கும் சப்பாத்து ஒரு வீட்டு அலுமாரியில் பொலித்தீன் கழற்றாமல் இருக்கிறது. அனுப்பியவருக்கு எல்லாம் நன்றாக இருக்கிறது என்ற செய்தி மட்டும்தான் போகும். அங்கே ராப்பகலாக உழைத்து அனுப்புகிறவனிடம் இது சரியில்லை என்று சொல்வது அவன் முகத்தில் அடிப்பதற்குச் சமம். அக்காவும் அன்று பின்னேரம் தம்பி போன் எடுத்தபோது, தண்ணீர் அருவிமாதிரிக் கொட்டுகிறது என்று சொல்லிவிட்டார். நானும் கேட்டுக்கொண்டுதான் நின்றேன். சொல்லுக்குச் சொல் சரி பார்த்துப் பிழைப்பு நடத்தும் எனக்கு அந்த அருவி தொண்டையில் சிக்கியது.

பரந்தன் சந்தியில், பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் கடை வைத்திருக்கும் மெக்கானிக்கைக் கூப்பிட்டோம். முப்பது வயதுகூட இராது. மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். அவனுடைய தலைமுறையில் பேச்சு எங்களுடையதாகவே ஆகிவிட்டது. கொழும்பில் ஏதோ கோர்ஸ் படித்தவன் என்று பெயர். அந்தப் பெயரை அவனே அடிக்கடி சொல்லிக்கொள்வான். மோட்டர்சைக்கிளில் வந்து இறங்கி, பெட்டியின் மூடியைக் கழற்றி உள்ளே பார்த்து, உடனேயே திரும்பப் பூட்டினான்.

"எல்லாம் பிரெஞ்சில கிடக்கு மிஸ். மனுவலை இங்கிலீசில தாங்கோ. பத்து நிமிசத்தில முடிச்சுத் தாறன்."

"தமிழில எழுதித் தாறன், இன்னும் லேசாயிருக்குமே."

"தமிழில எண்டால் எனக்கு விளங்காது மிஸ்."

எனக்குச் சுரீரென்று ஏறியது. கிளிநொச்சி மாவட்டத்தில் பிறந்த தமிழன், தமிழச்சி ஒருத்தியிடம், தமிழில் விளங்காது என்கிறான். சோதித்துப் பார்க்கலாம் என்று, கப்பாசிட்டருக்கு உள்ள தமிழ்ச் சொல்லைப் போட்டு, "கொள்ளளவி எங்கை இருக்குதெண்டு காட்டும்" என்றேன். நான் ஏசுகிறேனோ என்று அவன் என் முகத்தைப் பார்த்தான். பாவம், அவனைச் சொல்லிக் குற்றமில்லை. ரிலே, பியூஸ், எர்த் என்று கைக்குப் பழகிய சொற்களோடுதான் அவன் வேலை செய்கிறான். நானும் வேலை செய்யும்போது தமிழில் நினைப்பதில்லை. ஆகவே பெட்டியோடு வந்த கைநூலை அக்காவிடம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். பிரெஞ்சுக்காரர் எழுதியதை ஸ்கந்தபுரத்துப் பெண் பரந்தன் பையனுக்காக ஆங்கிலமாக்க, அவன் அதை அக்காவுக்குத் தமிழில் சொல்வதாக ஏற்பாடு.

நிறுவனத்துக்குச் செய்யும் வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு அதில் உட்கார்ந்தேன். நான் அரைகுறையாக எதையும் செய்வதில்லை. அது என் நல்ல குணம் என்று நான் சொல்வேன், பிடிவாதம் என்று என்னைக் கட்டியவர் சொல்வார். இருட்டினால் தானாக நின்று, வெளிச்சம் வந்தால் தானாக வேலை செய்கிற ஒரு சுவிட்ச் அந்தப் பெட்டியில் இருந்தது. பிரெஞ்சில் அதற்கு அந்திப்பொழுதின் பெயரை வைத்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் அதற்கு மூன்று நான்கு பெயர்கள் வழங்குகின்றன. எது இந்தப் பெட்டிக்குப் பொருந்தும் என்று ஒரு காலை முழுவதும் மாமரத்தின் கீழே இருந்து யோசித்தேன். தேத்தண்ணீர் ஆறிப்போய் அதில் எறும்பும் விழுந்தது. கடைசியில் தெரிந்தெடுத்த சொல்லை எழுதியபோது எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது. அந்தச் சொல் சரியானதுதான். இன்றைக்குக் கேட்டாலும் அதையே எழுதுவேன்.

மெக்கானிக் வந்து என் ஆங்கிலத்தை உரக்க வாசித்தான். ஒவ்வொரு வசனத்துக்கும் தலையாட்டினான். ஒரு இடத்தில், வெளிச்சம் புகும் கண்ணாடியில் ஒளியை மறைக்கும் படிவு எதுவும் இல்லாதபடி பார்த்துக்கொள்ளவும் என்று இருந்தது. அக்காவுக்காக அதை நான் தமிழில் சொன்னேன்.

"வெளிச்சம் படுற கண்ணாடியில ஊத்தை இருக்கக் கூடாதாம் அக்கா."

அக்காவுக்கு ரோசம் வந்துவிட்டது. "ஊத்தையோ? ஒவ்வொரு வெள்ளியும் நான் ஈரத்துணியால துடைச்சுப்போட்டுத்தானே பொட்டு வைக்கிறனான்? உள்ளுக்கு நீ பார், ஒரு தூசி இருக்கோ எண்டு."

மெக்கானிக் குனிந்து பெட்டியைச் சுற்றிப் பார்த்தான். "கிளீனா இருக்கு மிஸ்" என்றான். நானும் பார்த்தேன். பளிச்சென்று, மங்களமாக, வெள்ளிக்கிழமைச் சந்தனம் காயாமல் இருந்தது. அந்த வசனத்துக்கு அவன் பக்கத்தில் சரி என்று அடையாளமிட்டு அடுத்ததுக்குப் போனான். எல்லா வசனத்துக்கும் சரி விழுந்த பிறகும் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

அதற்குள் சோளகக் காற்றும் தொடங்கிவிட்டது. வன்னியில் அந்தக் காற்று வீசினால் மண்ணில் இருக்கிற ஈரத்தை எல்லாம் உறிஞ்சிக்கொண்டு போய்விடும். அக்காவின் மிளகாய்க் கன்றுகள் பூக்கிற பருவம். தண்ணீர் காணாமல் இலைகள் சுருண்டன, பூ உதிரத் தொடங்கியது. அக்கா விடியக் கிணற்றில் அள்ளி வாளி வாளியாக ஊற்றினார். அயல் தோட்டத்தார் தங்கள் மிசின் ஓயும் நேரத்தில் கொஞ்சம் விட்டார்கள். அது ஒரு மூலைக்கும் காணாது. அந்த மிளகாய் போனால் அந்த வருடம் அவருக்குக் கையில் ஒன்றுமில்லை. ஆனால் அவருக்கு அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. "தோட்டம் பட்டுப்போனா எப்படியும் அவனுக்குத் தெரிய வருமெல்லோ பிள்ளை. தான் அனுப்பினதாலதான் அக்கா கெட்டுப்போனா எண்டு நினைப்பான். பிறகு தின்னவும் மாட்டான்." சொல்லிவிட்டு அவர் மறுபடி வாளியைத் தூக்கினார். என் ஆங்கிலத்தில் எங்கோ பிழை இருக்கிறது, அதனால்தான் இந்த மனுசி வாளி சுமக்கிறார் என்று எனக்குள் ஒரு எண்ணம் குடைந்துகொண்டே இருந்தது.

இதற்குள் ஞாயிற்றுக்கிழமைகள் வந்துகொண்டிருந்தன. தம்பி ஞாயிறுதோறும் வீடியோவில் வருவான். தண்ணீர் வருவதைக் காட்டச் சொல்வான். முதல் சில ஞாயிறுகளில் அக்கா கரண்ட் இல்லை என்று சமாளித்தார். அடுத்த ஞாயிறும் அதையே சொல்ல முடியாது. ஆகவே ஒரு திட்டம் போடப்பட்டது. இதில் எனக்கு எந்தப் பெருமையும் இல்லை, திட்டத்தைப் போட்டவள் நான்தான் என்றாலும்.

தண்ணீர்ப் பைப்பின் ஒரு முனையை வாய்க்கால் பக்கம் விட்டு, மறுமுனையை வாழைகளுக்குப் பின்னால் கொண்டுபோய் உயர்த்திக் கட்டினோம். அக்கா வாய்க்காலடியில் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பார். நான் வாழைக்குப் பின்னால் ஒரு கதிரையில் ஏறி நின்று, பைப்பில் புனல் வைத்து வாளியால் ஊற்றுவேன். மோட்டர்ச் சத்தத்துக்கு மெக்கானிக் தன் மோட்டர்சைக்கிளை ஸ்டார்ட் செய்து கிணற்றுக்குப் பின்னால் நிறுத்தி, அக்செலரேட்டரை ஒரு சீராகப் பிடித்துக்கொள்வான். அழைப்பு வந்தது. தண்ணீரும் வந்தது. "நல்லா வருதக்கா" என்று போனில் தம்பியின் குரல் கேட்டது. எனக்கு இரண்டாவது வாளி முடிந்துகொண்டிருந்தது. இந்த அக்கா சட்டென்று போனை வைக்காமல், அங்கே குளிரா, என்ன சாப்பிட்டாய், தும்மலும் தடிமனும் மாறிவிட்டனவா என்று விசாரணை தொடங்கினார். நான் மூன்றாவது வாளிக்கு எட்டியபோது கதிரையின் கால் மண்ணில் புதைந்து, வாளியோடு வாழைக்குள் சரிந்தேன். பைப்பில் தண்ணீர் நின்றது. மோட்டர்ச் சத்தம் மட்டும் வீராவேசமாகக் கேட்டுக்கொண்டே இருந்தது.

"கரண்ட் போயிட்டுது அப்பன், வைக்கிறன்" என்றார் அக்கா. கரண்ட் இல்லாமல் ஓடிய அந்த மோட்டரை நிறுத்தும்படி நான் வாழைக்குள்ளிருந்து கத்திக் கையைக் காட்டினேன். சத்தத்தில் அவனுக்குக் கேட்கவுமில்லை, என்னைத் தெரியவுமில்லை.

அந்தக் கிழமை ஓமந்தைப் பெரியப்பா தவறிவிட்டார் என்று செய்தி வந்தது. வயது போய், படுக்கையில் கிடந்த மனிதர். அக்கா செத்தவீட்டுக்குப் போய் வந்தார். கணவர்வழி உறவு என்பதால் வீட்டுக்குத் துடக்கு. துடக்குக் கழியும்வரை விளக்கேற்றக் கூடாது, பூசை இல்லை, கோயிலுக்குப் போகக் கூடாது. வெள்ளிக்கிழமை வந்தபோது அவர் பெட்டிப் பக்கமே போகவில்லை. சுவிட்சைக்கூட அணைக்காமல் அப்படியே விட்டிருந்தார். சோளகம் அடித்த அடியில் கூரைத் தகரமே ஆடியது.

அடுத்த நாள் காலை நான் சொற்களோடு இருந்தபோது அக்கா படலையைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார். முகம் வெளிறிப்போய் இருந்தது.

"பிள்ளை, பெரியப்பா வந்திட்டார்."

செத்தவர் வருவதென்றால் நான் என்ன நினைப்பது? கணினியை மூடிவிட்டுச் செருப்பும் போடாமல் பின்னால் போனேன். கிணற்றடியில் பெட்டியின் வலப்பக்க விளக்கு பச்சையாக எரிய, மோட்டர் பூனை உறுமுவதுபோல மெல்ல உறுமிக்கொண்டு, வாய்க்கால் நிறையத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. தன் வீட்டுக்கு மிசின் கொடுத்த மருமகளை அந்த மனிதர் செத்தும் மறக்கவில்லை என்று அக்கா கண்ணைத் துடைத்தார். மெக்கானிக் கேள்விப்பட்டு வந்து, போன தடவை தான் ஒரு ஸ்குரூவை இறுக்கியதாகவும் அப்போதே தனக்குச் சந்தேகம் இருந்ததாகவும் சொன்னான். மொழிபெயர்ப்பு சரியாக இருந்தால் எல்லாம் சரியாக வரும் என்று நான் மனதுக்குள் மட்டும் நினைத்துக்கொண்டேன். தண்ணீர் ஒன்றுதான், ஆனால் அதற்கு மூன்று பேர் சொந்தம் கொண்டாடினோம்.

கன்றுகள் தலை நிமிர்ந்தன. துடக்குக் கழிந்தது. வீட்டைக் கழுவி, முழுகி, அக்கா முதல் வேலையாகப் பெட்டியடிக்குத்தான் போனார். நன்றிக்கு அளவு உண்டா? ஒரு உருண்டை சந்தனத்தைக் குழைத்து, ஒரு விரல் தடிப்பில் வைத்து, நடுவில் குங்குமமும் வைத்து, மேலே ஒரு செவ்வரத்தம்பூவும் செருகினார். மோட்டர் நின்றது. சிவப்பு விளக்கு எரிந்தது.

"பெரியப்பா போயிட்டார்" என்றார் அக்கா, அப்படியே நிலத்தில் குந்தி.

மெக்கானிக் வந்து அந்தப் புகழ்பெற்ற ஸ்குரூவை மறுபடி இறுக்கினான். பிறகு தளர்த்தினான். பிறகு அரைவாசி இறுக்கினான். எனக்கு வந்த கோபத்துக்கு யார்மேல் காட்டுவதென்று தெரியவில்லை. என் காகிதங்களை எடுத்துக்கொண்டு பெட்டிக்கு நேரெதிரே கதிரையைப் போட்டு இருந்து, என்னுடைய பிழையை நானே பிடிப்பதென்று முதலிலிருந்து வாசித்தேன். ஒளியை மறைக்கும் படிவு என்ற இடத்துக்கு வந்ததும் நின்றேன். இதை எழுதும்போது நான் மனதில் என்ன கண்டேன்? சேறு, புழுதி, காகத்தின் எச்சம். அதை எழுதிய பிரெஞ்சுக்காரரும் அவற்றைத்தான் கண்டிருப்பார். நிமிர்ந்து பெட்டியைப் பார்த்தேன். வெயில் அதன் முகத்தில் நேராக விழுந்தது. நெற்றி நிறையச் சந்தனம். பாவம் அந்தப் பெட்டி, நாங்கள் பொட்டு வைத்த அன்றிலிருந்து விடியவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. அது ஓடவில்லையே என்று அக்கா கூடுதலாகக் கும்பிட, கும்பிடக் கும்பிடப் பொட்டும் தடிக்க, அதற்கு இருட்டு இன்னும் கூடியிருக்கிறது. துடக்கு வீட்டில்தான் காற்றுக்குச் சந்தனம் காய்ந்து உதிர்ந்து, அதற்கு முதன்முதல் பகல் வந்திருக்கிறது.

எனக்குச் சிரிப்பு வந்தது. கிணற்றுக் கட்டில் சாய்ந்து நின்று சிரித்தேன். சிரித்து முடிந்த பிறகுதான் இதை அக்காவுக்குச் சொல்லவேண்டும் என்பது நினைவுக்கு வந்தது.

"அக்கா, அதை அழிக்கவேணும்."

"எதை?"

"பொட்டை. அதாலதான் அதுக்கு வெளிச்சம் தெரியேல்லை."

மெக்கானிக்கைப் பார்த்தேன். அவன் இரண்டு அடி பின்னால் போய் நின்றான். "நான் மாட்டன் மிஸ். எனக்கு வீட்டில கலியாணம் பேசுகினம்."

என்னிடம் இனிப் பறிபோக அந்த வகையில் ஒன்றுமில்லை. ஆகவே நானே அழிக்கிறேன் என்று துணியை நனைத்துக்கொண்டு போனேன். அக்கா என் கையைப் பிடித்தார்.

"பொறு. அவர் செத்த அண்டு என்ர நெத்தியில அழிக்கேக்க ஒருத்தியும் பொறுக்கேல்லை. கூட்டமாய் வந்திச்சினம், அழிச்சுப்போட்டுப் போச்சினம். ஒரு வீட்டுச் சாமானெண்டாலும் நெத்தியோட இருக்கட்டும் எண்டுதான் நான் வெள்ளிக்கு வெள்ளி வைச்சனான்."

நான் சிரித்த சிரிப்பை நினைக்க வெட்கமாக இருந்தது. துணியை அவர் கையில் கொடுத்தேன். அவர் உடனே துடைக்கவில்லை. உள்ளே போய்ச் சந்தனக் கும்பாவை எடுத்து வந்தார். பெட்டியின் முகத்தை நன்றாகப் பார்த்து, கீழே நாடிப் பக்கமாக ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினார்.

"இதில வைச்சா அதுக்குக் கண் தெரியுமோ?"

"தெரியும் அக்கா."

அந்த இடத்தில் புதுச் சந்தனமும் குங்குமமும் வைத்தார். அது ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தார். அதற்குப் பிறகுதான் மேலே இருந்ததைத் துடைத்தார், குழந்தைக்கு முகம் துடைப்பதுபோல மெல்ல, மூலை முடுக்கெல்லாம். வெளிச்சம் பட்டவுடனேயே ஓடாது, சிறிது தாமதம் இருக்கும் என்று கைநூலில் இருந்தது. அதையும் சரியாகத்தான் மொழிபெயர்த்திருந்தேன். மூவரும் விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றோம். பச்சை விளக்கு எரிந்தது. மோட்டர் உறுமியது. தண்ணீர் முதலில் காற்றோடு துப்பி, பிறகு முழுதாக வந்தது.

அன்று ஞாயிற்றுக்கிழமை இல்லை. அக்கா தானாகத் தம்பிக்கு ஒருபோதும் எடுப்பதில்லை, வேலைக்கு இடைஞ்சல் என்று. அன்று எடுத்தார். அவன் பயந்துபோய்விட்டான். "என்னக்கா, ஆருக்கு என்ன?" என்ற அவன் குரலுக்குப் பின்னால் கோப்பைகள் மோதும் சத்தம் கேட்டது.

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை. இஞ்ச பார், தண்ணி வருது."

"அதுதானே அக்கா ஞாயிறும் காட்டினனீங்கள்."

"அது தண்ணி இல்லையடா, அது இந்தப் பிள்ளை" என்றார் அக்கா. பிறகு ஒன்றும் ஒளிக்காமல் முழுவதையும் சொன்னார். புனல், வாழை, மோட்டர்சைக்கிள், பெரியப்பா, பொட்டு எல்லாம். நான் வாழைக்குள் விழுந்ததைக்கூட விடவில்லை. மறுமுனையில் கோப்பைகளின் சத்தம் மட்டும் வந்தது. கோபித்துவிட்டான் என்றுதான் நான் நினைத்தேன்.

"அக்கா," என்றான் கடைசியில், "அந்தப் புத்தகத்தை அனுப்ப முன்னம் நானும் இருந்து வாசிச்சனான். எனக்கு ஒரு கோதாரியும் விளங்கேல்லை. நீங்கள் கேட்டிடுவியளோ எண்டு பயந்து பயந்துதான் ஒவ்வொரு ஞாயிறும் எடுக்கிறனான். இவ்வளவு வருசம் அங்க இருக்கிறான், ஒரு புத்தகம் வாசிக்கத் தெரியேல்லையே எண்டு நினைப்பியள்."

அக்கா போனைக் காதிலிருந்து எடுத்து நெஞ்சோடு பொத்திப் பிடித்தார். கண் நிறைந்திருந்தது. ஆனால் குரல் சாதாரணமாக, கடைக்குப் போகிறவரிடம் சாமான் சொல்லிவிடுகிற குரலாக இருந்தது.

"பிள்ளை, நீ இங்கிலீசில எழுதினதை அப்படியே தமிழிலயும் ஒருக்கா எழுதித் தாறியோ? அவனுக்கு அனுப்பவேணும்."